ஒரு திருத்தம் இலவசம்

பகலெல்லாம் பல் செய்கிறேன்.
குத்தாயிஸியில், சந்தைக்குப் பின்புறம்,
பல் மருத்துவர் நுக்சாரிடம்.
ஜன்னலில்லாத அறை என்னுடையது.
யார் யாருடைய வாயோ
வெள்ளைச் சாந்தாக உறைந்து என் மேசைக்கு வரும்.
கடைவாயில் ஓட்டை, முன்வரிசையில் ஓட்டை.
அடைத்து அனுப்புவேன்.
முகம் பார்த்ததில்லை, கடி மட்டும் தெரியும்.

இரவில் ஓட்டை போடுகிறேன்.

பதுமி வரை போய்வந்த பத்ரி
வேன் சாவியை ஆணியில் மாட்டி,
தெக்லே வயலினை உறைக்குள் வைத்துப் படுத்தபின்
சாப்பாட்டு மேசையில் பிளம் சாஸ் புட்டியை நகர்த்திவிட்டு
லேப்டாப்பைத் திறப்பேன்.
செருப்பின் பின்னணியை வெட்டு: ஐம்பது சென்ட்.
சோபாவிலிருந்து பூனையை எடு: இரண்டு டாலர்.
மயிர் மயிராகப் பிரிக்க வேண்டிய பூனை. அநியாயம். செய்தேன்.
கடற்கரையில் பின்னால் நிற்கும் ஒன்பது பேரை எடு: நாலு.
ஒன்பதாவது ஆள் கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.
ஆளை எடுத்தேன்.
மணலில் விழுந்த சொட்டை விட்டுவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

ஐந்தில் ஒன்று தளத்துக்கு.
மாற்றித் தருகிறவனுக்குக் கொஞ்சம்.
லரியாகிக் கைக்கு வரும்போது
நல்ல மாதமென்றால் எரிவாயுவும் வயலின் வகுப்பும்,
இல்லையென்றால் எரிவாயு.
யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.
ஜனவரியில் பொரி சூடாக இருக்கிறது.

எதிர்வீட்டு சியாலா கேட்டாள்,
ராத்திரியெல்லாம் விளக்கெரிகிறதே, என்ன வேலை?
ஆட்களை வெளியே அனுப்புகிறேன் என்றேன்.
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்:
என் பையனை இத்தாலிக்கு அனுப்ப எவ்வளவு வாங்குவாய்?

பிப்ரவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு கல்யாணப் படம்.
அவரை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.
ஐந்து டாலர்.
சாம்பல் கோட்டு சுலபமாகப் போயிற்று, பின்னால் வெறும் செங்கல் சுவர்.
கைதான் போகவில்லை.
அவள் வலது தோளில் இருந்தது.
அதன் அடியில் என்ன லேஸ் என்று
படம் எடுத்த கேமராவுக்கே தெரியாது.
இடது தோளிலிருந்து பூவைக் கடன் வாங்கித் திருப்பிப் போட்டேன்.
விரல் விரலாக இரண்டு மணிநேரம்.
சுண்டுவிரல் சற்றுக் கோணல்,
அதைக் கடைசியில் எடுத்தேன், ஏனென்று தெரியவில்லை.
அவள் தனியாக நின்றாள்.
இல்லாத ஆள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து.
சாய்வை நிமிர்த்தச் சொல்லவில்லை,
ஐந்து டாலரில் அது வரவும் வராது.
ஐந்து நட்சத்திரம் போட்டாள். ஒரு சொல் இல்லை.

பதினொரு நாள் கழித்து:
உங்கள் விதிப்படி ஒரு திருத்தம் இலவசம் அல்லவா.
கையை மட்டும் திரும்ப வைக்க முடியுமா?
ஆள் வேண்டாம்.

நான் எதையும் அழிப்பதில்லை.
சாந்து வாய்களையே ஆறு மாதம் பரணில் வைத்திருப்பவள்.
கை அப்படியே இருந்தது, தனி அடுக்கில்,
கண்ணை மூடி வைத்ததுபோல.
திரும்ப வைத்தேன். மணிக்கட்டோடு அறுந்து,
பேய்ப்படம் மாதிரி.
அழித்தேன். தேநீர் போட்டேன். ஆறியது.
பிறகு தோன்றியது:
படத்தின் வலது ஓரத்தையே வெட்டிவிட்டேன்,
மணிக்கட்டு முடியும் இடத்தில்.
இப்போது சட்டத்துக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.
யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.
அக்கா. தோழி. அவர்.
சாய்வுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

பதில் வரவில்லை. மூன்று டாலர் வந்தது, அன்பளிப்பு என்று.
தளம் அதிலும் அறுபது சென்ட் எடுத்துக்கொண்டது.

விடிந்ததும் அடுப்புக்கடையில் நாலு ரொட்டி வாங்கினேன்.
எங்களுக்கு மூன்றே போதும்.
நாலாவதோடு சியாலா கதவைத் தட்டினேன்.
வாங்கிக்கொண்டு,
ரொட்டியின் சூட்டில் கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி
கேட்டாள்:
அந்த இத்தாலி விஷயம்?